கதவைப் பார்த்த கதவு

"அரிசி மூட்டை மேல பாஸ்போர்ட்டை வைப்பாங்களாங்க யாராவது?"

காலையிலிருந்து கலைமகள் இதைக் கேட்பது ஏழாவது தடவை. கணவர் தமிழரசன் நடையை எட்டிப் போட்டார். தங்கள் மில் அரிசி முதன்முதலாகச் சிங்கப்பூர் போகிறதென்று, நேற்று கன்டெய்னர் கதவை அடைக்குமுன் மூட்டைகளின் மேல் தாம்பாளம் வைத்துச் சூடம் காட்டினார். மனைவியின் பயணமும் நல்லபடி அமையட்டுமென்று அவள் பாஸ்போர்ட்டையும் அதில் வைத்தார். சூடம் அணைந்தது, கதவு மூடியது, சீல் விழுந்தது. தாம்பாளம் உள்ளேயே.

நாளை மாலை திருச்சியில் விமானம். சிங்கப்பூரில் மகள் பூர்ணிமாவுக்கு இந்த வாரம் பிரசவம்.

ரயில் யார்டில் சரக்கு வேகன் நின்றது. சுவரில்லை, தளமில்லை, வெறும் இரும்புச் சட்டம். அதன்மேல் அவர்களுடையதும் இன்னொன்றுமாக இரண்டு கன்டெய்னர்கள், மூலைக்கு மூலை பூட்டு மாட்டி உட்கார்ந்திருந்தன.

"கதவு எங்க தம்பி?"

"உள்பக்கம்க்கா," என்றார் சூப்பர்வைசர் ராம்கி. "ரெண்டு ஏத்தினா கதவும் கதவும் பாத்த மாதிரிதான் வைப்போம். நடுவுல ஆள் நுழைய முடியாது. வழியில எவனும் சீலைத் தொட முடியாதுல்ல."

"நல்லா வச்சீங்க போங்க."

"இறக்கித்தான் ஆகணும். சுங்க அதிகாரி முன்னாடி உடைச்சு, புது சீல் போடணும். அஞ்சு மணிக்கு ரயில் கிளம்பிடும். எழுதிக் குடுங்க சார், கேட்டுப் பாக்கறேன்."

மணி ஒன்றரை. தமிழரசன் எழுதினார். அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். வந்தவர், கன்டெய்னர் எண் தப்பு என்றார். மறுபடி எழுதினார்.

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு ஊருக்கு என்கூட வந்திருக்கீங்களா? அறுவடைம்பீங்க, இல்லன்னா அரவைம்பீங்க. சரின்னு தனியாதானே கிளம்பினேன்? போறவளையாவது போக விட்டிருக்கலாம்."

"கலை, கொஞ்சம் மெதுவா பேசு."

"மெதுவாதான் பேசறேன்!"

நாலு மணிக்குத்தான் நீண்ட கை வைத்த இயந்திரம் வந்து கன்டெய்னரைத் தூக்கித் தரையில் வைத்தது. சீல் உடைந்தது.

"நீ இரு, நானே எடுக்கறேன்," என்று தமிழரசன் அவசரமாக முன்னால் போனார்.

"நீங்க பாத்த வேலை போதும்." அவரை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

தாம்பாளத்தில் கருகிய சூடம், வெற்றிலை, தேங்காய் மூடி, குங்குமம் வைத்த பாஸ்போர்ட். அதன் அடியில் இன்னொன்று.

"இது யாருது?"

தமிழரசன் வேகனின் சக்கரத்தைப் பார்த்தார். "என்னுது. விசா வந்து பத்து நாளாச்சு. உன் பக்கத்து சீட்டுதான். ஏர்போர்ட்டுல சொல்லலாம்னு…"

"அறுவடை?"

"என் தம்பி பாத்துக்கறேன்னுட்டான்."

கலைமகள் அந்தப் பாஸ்போர்ட்டைத் திறந்து அவர் படத்தைப் பார்த்தாள். கோபம் என்னவோ அப்படியேதான் இருந்தது.

"தேங்காயையும் எடுத்துடுங்கக்கா," என்றார் ராம்கி. "சிங்கப்பூர்ல பாத்தா கன்டெய்னரையே நிறுத்தி வச்சுடுவாங்க."

தேங்காய் மூடியை எடுத்துக் கணவர் கையில் திணித்தாள்.

"துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"துணியா? அது… நீ எடுத்து வைப்பேன்னு…"

"முருகா!"

இரண்டு பாஸ்போர்ட்டையும் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"வாங்க. இனிமே இது ரெண்டும் என்கிட்டதான் இருக்கும்."