அடியில் டன்வில் என்று இருக்கும்

கிளிஃப் ஹாப்டே முப்பத்தோரு வருஷம் பார்த்தது ஒரே வேலை. தூதரகத்தில் எழுதுகிற தந்தியை ரகசிய எழுத்தாக மாற்றி லண்டனுக்கு அனுப்புவான். எவர் எழுதினாலும் அடியில் தூதர் பெயர்தான் போகும். கக்கூஸ் குழாய் உடைந்ததென்று குமாஸ்தா எழுதினாலும் அடியில் டன்வில். அனுப்பி முடிந்ததும் கையால் எழுதிய தாளைக் கிளிஃபே எரித்துவிட வேண்டும். அதுவும் சட்டம்.

இன்று லண்டனில் விசாரணை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தூதரகம் இருந்த மலைநாட்டுத் தலைநகரில் பிரிட்டிஷ்காரர்கள் பதினோரு பேர் செத்தார்கள். "ஆபத்தில்லை, யாரையும் கிளப்ப வேண்டாம்" என்று போன தந்தியை நம்பித்தான் அங்கேயே இருந்தார்கள். அதை எழுதியது தூதரா, இரண்டாம் செயலாளர் மிஸ் பிரிங்கா என்பதுதான் கேள்வி. அவள் என்று முடிவானால் அவள் வேலை போச்சு.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் பிரிங் ஃபிளாஸ்க்கைத் திறந்து அதன் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"குடிங்க கிளிஃப். தூதரகத்து டீயை விட மோசமா இருக்காது."

"அது டீயா மிஸ்? பாத்திரம் கழுவின தண்ணி." ஒரு வாய் குடித்தான். "பயப்படாதீங்க. அந்தத் தந்தியைப் பென்சில்ல எழுதி தூதரே கொண்டுவந்து குடுத்தாரு. நீங்க வாசல்ல நின்னு வேணாம்னு கத்தினீங்க. சொல்லிடறேன்."

உள்ளே சர் ஆம்ப்ரோஸ் டன்வில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அடியில என் பேர் இருக்கறது வெறும் வழக்கம்," என்றார் விசாரணைத் தலைவரம்மாவிடம். "நூறு தந்தி போகும், நான் எல்லாத்தையுமா பாக்க முடியும்? அன்னிக்கு டூட்டி பார்த்தது மிஸ் பிரிங். நல்ல பொண்ணு. கொஞ்சம் அவசரம்."

கிளிஃபைக் கூப்பிட்டார்கள். அவன் பட்டென்று சொன்னான்.

"பொய்யும்மா. அது அவர் எழுதினது. அதுக்கு முந்தின வருஷம் ராணுவம் ஆட்சியைக் கவிழ்க்கப் போகுதுன்னு ஒரு தந்தி போச்சே, அதுதான் இந்தப் பொண்ணு எழுதினது. அவர் அப்போ வாத்து சுடப் போயிருந்தாரு. அந்தத் தந்திக்குத்தான் அவருக்கு சர் பட்டம்."

அறையில் யாரோ இருமினார்கள். டன்வில்லின் வக்கீல் மெதுவாக எழுந்தான்.

"அந்தத் தாள் ரெண்டும் எங்க மிஸ்டர் ஹாப்டே?"

"எரிஞ்சு போச்சு."

"யார் எரிச்சது?"

"நான்தான். சட்டம் அது."

"பட்டம் கிடைச்சப்போ தூதர் வீட்டுல விருந்து. 'ராணுவத்தோட திட்டத்தை மூக்குலயே மோப்பம் பிடிச்சேன்'னு சர் ஆம்ப்ரோஸ் பேசினாரு. நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அது பொய்னு அங்க சொன்னீங்களா?"

கிளிஃபுக்கு அந்த விருந்து ஞாபகம் வந்தது. ஷாம்பெயின் நுரை, சால்மன் வைத்த ரொட்டி. மூலையில் நின்ற பிரிங் காலி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. கை தட்டினேன்."

"அவ்வளவுதான்," என்று வக்கீல் உட்கார்ந்தான்.

டன்வில் பரிவாகத் தலையை ஆட்டினார். "நேர்மையான ஆளு எங்க கிளிஃப். வயசாச்சு, அவ்வளவுதான்."

வெளியே வரும்போது கிளிஃப் தோளைத் தட்டினார். "உன் சம்சாரம் முட்டி எப்படி இருக்கு? டோரீன்தானே?"

"அவ செத்து ஆறு வருஷமாச்சு சர். அனுதாபக் கடுதாசி வந்துச்சு. அடியில உங்க பேர் இருந்துச்சு."

டன்வில் கையை எடுத்துக்கொண்டு காரைத் தேடிப் போனார். அடுத்த வருஷம் அவரைப் பிரபுவாக்கினார்கள்.

அன்று பெஞ்சருகே பிரிங் ஃபிளாஸ்க்கைத் தக்கையால் அடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. கிளிஃபுக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஒரே ஒரு தாளை ஒளிச்சு வெச்சிருக்கலாமே கிளிஃப்."

"சட்டம் மிஸ்…"

"தெரியும். கை தட்டறதுக்கு என்ன சட்டம்?"

அவள் படியிறங்கிப் போய் மழையில் பஸ் ஏறினாள். பெஞ்சில் அவன் குடித்து வைத்த ஃபிளாஸ்க் மூடி அப்படியே இருந்தது. அடியில் கொஞ்சம் டீ, ஆறிப்போய்.