சிவப்புத் தாள் ஒட்டிய ஊர்

போதகருக்கு அன்று காலையில் தலைகால் புரியவில்லை. காரணம் கேட்டால் முகம் சுளிப்பீர்கள். கடலோரத்தில் ஒரு சின்னத் தேசம். அதன் பகையாளிக்குப் போர் விமானங்களும் ஏவுகணைகளும் விற்க, வடக்கே இருக்கிற பெரிய தேசம் கையெழுத்துப் போட்டுவிட்டது. கடைசி காலத்தில் வடக்கிலிருந்து சேனை இறங்கும் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்னது இந்த வடக்குத் தேசத்தைத்தான் என்று இரண்டு வருஷமாக மேடை மேடையாக அடித்துப் பேசிவந்த மனுஷன் அவர். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"பார்த்தியாடி! நான் சொன்னேனா இல்லையா?"

மனைவி செய்தியைப் படித்தாள். "யார் சாகப்போறாங்கன்னு உங்களுக்கு இவ்வளவு சந்தோஷம்?"

"இன்னும் யாரும் சாகலையே" என்றார் சிரித்துக்கொண்டே. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை போனில் கூப்பிட்டாள். அவளுடைய ஒரே மகன் அந்தச் சின்னத் தேசத்துத் துறைமுகத்தில்தான் கிரேன் ஓட்டுகிறான்.

"அண்ணே, நியூஸ் பார்த்தீங்களா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவனை வரச் சொல்லிடட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? விமானம் வித்தா மறுநாளே சண்டை வந்துடுமா? எல்லாம் ஒருத்தனை ஒருத்தன் மிரட்டுற வேலை. பாதியில விட்டுட்டு வந்தா இந்த மாதிரி வேலை திரும்பக் கிடைக்குமா? ஒண்ணும் ஆகாது, பேசாம இருக்கச் சொல்லு."

"நீங்க சொன்னா சரிதாண்ணே. இதையே படிச்சுக்கிட்டு இருக்கிறவர், உங்களுக்குத் தெரியாததா?" அவள் குரலில் உயிர் வந்தது.

போனை வைத்தார். கத்தரிக்கோலை எடுத்தார். சாயங்காலக் கூட்டத்துக்கான பெரிய வரைபடத்தில், அதே துறைமுகத்தின் மேல், நெருப்பு மாதிரி வெட்டின சிவப்புத் தாளை ஒட்டினார். ஒட்டும்போது மனசு கொஞ்சமாவது உறுத்தியதா என்றால், சத்தியமாக இல்லை. அதுதான் கொடுமை.

சாயங்காலம் கூடத்தில் உட்கார இடமில்லை. போதகர் குச்சியால் வரைபடத்தைத் தட்டினார். "முதல் அடி இந்தத் துறைமுகத்துக்குத்தான்! கப்பல் எரியும், கிடங்கு எரியும், கல்லு மேல கல்லு நிக்காது! இந்த வருஷம் தாண்டாது, எழுதி வச்சுக்கோங்க!" கூட்டம் ஆர்ப்பரித்தது. கை தட்டினார்கள், ஐயா. ஒரு ஊர் எரியப்போகிறது என்பதற்கு எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அப்போதுதான் கடைசி வரிசையில் தங்கையைப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மாலை வேலை பார்ப்பவள், வார நாளில் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. காலையில் அண்ணன் சொன்ன ஆறுதலுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். போதகரின் குச்சி ஒரு நொடி வரைபடத்தின் மேலேயே நின்றுவிட்டது. ஆனாலும் கையில் மைக் இருந்தது, பேசி முடித்தார்.

"சந்தேகம் இருக்கிறவங்க கேட்கலாம்" என்றதும் அவள்தான் எழுந்தாள்.

"அண்ணே, ஒண்ணும் ஆகாதுன்னு காலையில என்கிட்ட சொன்னீங்க. இப்ப எரியும்னு சொல்றீங்க. என் பிள்ளை அங்கதான் நிக்கிறான். எதை நான் நம்பட்டும்?"

கூட்டம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாயிடுச்சு. அந்தச் சகோதரிகிட்ட நான் அப்புறம் தனியா பேசுறேன். பாட்டு ஆரம்பிங்க" என்றார். கூடப் பிறந்தவளை, யாரோ ஒருத்தி மாதிரி. சொன்ன வாய் கசந்தது.

பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தபோது அவள் படியில் நின்று மகனிடம் போனில் அழுதுகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கைப்பேசியை நீட்டினாள்.

"மாமா, அம்மா என்னென்னமோ சொல்றாங்க. நான் இருக்கவா, கிளம்பவா? நீங்க சொல்றபடி செய்றேன்."

சொல்றபடி செய்கிறானாம்! அந்த நம்பிக்கையைக் கேட்டதும் அவருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. தங்கை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். இனி மழுப்ப இடமில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. காலையில உங்கம்மா பயப்படக் கூடாதுன்னு சொன்னேன். மேடையில... கூட்டம் கேட்க ஆசைப்படுதுன்னு சொன்னேன். சொல்ல எனக்கும் ஆசையா இருந்துச்சு."

"சரி மாமா. நான் இங்க நாலு பேர்கிட்ட விசாரிச்சு முடிவு பண்றேன்" என்றான் மெதுவாக. "இன்னொண்ணு. என் கூட வேலை பார்க்கிறவர் பக்கத்துல நிக்கிறார். இந்த ஊர்க்காரர், மூணு பொண்ணு. நான்னா கிளம்பி வந்துடலாம், அவர் எங்க போவார்? என் மாமா போதகர்னு சொல்லியிருக்கேன். எங்க ஊருக்காக ஜெபம் பண்றாரான்னு கேட்கிறார். தினமும் பண்றார்னு சொல்லிட்டேன். சரிதானே?"

இரண்டு வருஷமாக வாராவாரம் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார். வாராவாரம் அதை எரித்திருக்கிறார். அதற்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள், கண்ணை மூடியதில்லை.

"பண்ணியிருக்கீங்களாண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினார். அவள் கைப்பேசியை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "உள்ள கூப்பிடுறாங்க, போங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

உள்ளே பாட்டு முடிந்து, முடிவு ஜெபத்துக்காக எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். போதகர் மைக்கைப் பிடித்தார்.

"ஆண்டவரே, அந்த ஊர் எரியக் கூடாது. அந்தத் துறைமுகத்துல வேலை செய்றவங்க, அவங்க பொண்ணு பிள்ளைங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. நான் மேடையில சொன்னது பொய்யாப் போகட்டும்."

முடித்துவிட்டுக் காத்திருந்தார். ஆமென் என்று ஒரு குரல் வரவில்லை. கண்ணைத் திறந்தார். முன்வரிசைப் பெரியவர் பக்கத்தில் நின்றவர் பக்கம் சாய்ந்து, "ஐயாவுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல போல" என்றார்.