செருப்புக்கு ஒரு பிஸ்கட்

சுமித்திரா ரீச்சரின் முன்பள்ளியில் சேர்ந்த எந்தப் பிள்ளையும் ஒரு கிழமைக்கு மேல் அழுததாக முள்ளியவளையில் சரித்திரம் இல்லை. தாயின் சட்டையில் தொங்கிக்கொண்டு வருகிற குழப்படிகாரன்கூட அடுத்த திங்களே செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்துவிட்டு, "வணக்கம் ரீச்சர்" என்று சொல்லி உள்ளே போவான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாய்க்குட்டி எம்மாத்திரம்? அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

குட்டியைக் கொண்டுவந்தது கணவன் நிரஞ்சன். வயலுக்குப் போகிற வழியில், மதகடியில் யாரோ விட்டுப்போனதைச் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். ஆள் கையளவுதான். ஆனால் ஒரு சட்டிப் பால்சோற்றை மூச்சு விடாமல் நக்கி முடித்ததைப் பார்த்து வீமன் என்று பெயர் வைத்தார்கள். கலியாணமாகி இத்தனை வருசத்தில் பின்னேரமானால் சத்தமே இல்லாமல் கிடக்கிற வீடு அது. பகலெல்லாம் ஊர்ப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு அந்த வீட்டுக்குள் நுழைவது சுமித்திராவுக்குப் பிடிக்காத வேலை. இப்போது படலையைத் திறக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

குசினிக்குள் வரக்கூடாது என்பதை வீமன் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். "இரு" என்றால் குந்தி இருந்தான். செருப்பு விசயத்தில்தான் சிக்கல். கவ்வினால் விடமாட்டான். இழுத்தால் அவனும் இழுப்பான். அதட்டினால் விளையாட்டென்று வாலை ஆட்டுவான். அடித்துப் பழக்கமில்லாத சுமித்திரா ஒரு மாரி பிஸ்கட்டை நீட்டி, "வீமன், குடு" என்றாள். செருப்பு கீழே விழுந்தது, பிஸ்கட் உள்ளே போனது.

அவளுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். நாளாக நாளாக வீமன் இன்னும் கெட்டிக்காரன் ஆனான். அவளுடைய செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தான், பிறகு நிரஞ்சனுடையதை. பிறகு ஒருநாள், இருவருடையதும் அல்லாத ஒரு செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டுவிட்டுக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு நேரெதிரே பிள்ளையார் கோயில்.

"சுமி, அவன் பிஸ்கட்டுக்காகத்தான் களவெடுக்கிறான். நீர்தான் பழக்கிறீர்," என்றான் நிரஞ்சன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. களவெடுக்கிறது அவன்ரை வயசு. திருப்பிக் குடுக்கிறதுதான் நான் பழக்கினது."

கோயில் தலைவர் வீரகத்தி ஒரு வெள்ளிக்கிழமை வெறுங்காலோடு வீடு போய் முள்ளும் குத்திக்கொண்டார். மறுநாள் படலையில் வந்து நின்றார். சிரிப்பென்பதைக் கோயில் சாவியோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிற மனிதர்.

"ரீச்சர், சதுர்த்திக்கு ஆரின்ரையும் செருப்புக் காணாமல் போனால், உந்தக் குட்டியைத் தூரப் பளைப் பக்கம் கொண்டுபோய் விடுவிச்சிடுவன். பிறகு குறை சொல்லப்படாது."

சதுர்த்தியன்று சுமித்திரா வீமனைக் கயிற்றால் மாமரத்தில் கட்டிவிட்டுத்தான் பூசைக்குப் போனாள். கும்பிட்டதும் அவனுக்காகவேதான். பூசை முடிந்து வெளியே வந்தால், எல்லோரும் கொதிக்கிற மணலில் ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று இல்லை.

கூட்டம் நொண்டிக்கொண்டே அவளுக்குப் பின்னால் வீட்டுக்கு வந்தது. விறாந்தையில் ஒற்றைச் செருப்புகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில், கடித்த கயிறு கழுத்தில் தொங்க, "இரு" என்று சொல்லாமலே வீமன் நிமிர்ந்து இருந்தான். இத்தனை செருப்புக்கும் எத்தனை பிஸ்கட் என்ற எதிர்பார்ப்பு அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. நிரஞ்சன் சொன்னது உண்மை என்று அந்த இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

"சொன்னது சொன்னதுதான். பின்னேரம் ஆளனுப்பிறன்," என்றார் வீரகத்தி.

"பழகாத நாய். ரீச்சர் என்ன செய்வா, பாவம்," என்று பின்னால் ஒருத்தி பரிந்து பேசினாள்.

பேசாமல் நின்றால் ரீச்சரின் பெயர் தப்பும். வீடு மட்டும் பழையபடி சத்தமில்லாமல் ஆகிவிடும். அதை நினைத்ததும் சுமித்திரா வீரகத்தியின் முன்னால் போய் நின்றாள்.

"அவனிலை பிழையில்லை ஐயா. செருப்புக் கொண்டுவந்தால் பிஸ்கட் எண்டு நான்தான் படிப்பிச்சனான். அவன் நல்லாப் படிச்சிட்டான். கொண்டுபோய் விடுறதெண்டால் என்னை விடுங்கோ."

ஊரின் பிள்ளைகளையெல்லாம் பழக்கியவள் எல்லோர் முன்னாலும் இப்படிச் சொல்லிவிட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீமன், ஐயாவின்ரை செருப்பைக் குடு," என்றாள்.

வீமனுக்கு ஐயாவையும் தெரியாது, அவர் செருப்பையும் தெரியாது. தெரிந்தது "குடு" மட்டும். குவியலிலிருந்து ஒரு சின்னப்பிள்ளையின் சிவப்புச் செருப்பைக் கவ்விக்கொண்டு போய் வீரகத்தியின் காலடியில் வைத்தான். வைத்துவிட்டு முன்னால் இருந்து, அவர் கையிலிருந்த மோதகத்தையே பார்த்தான்.

வீரகத்தி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வீமன் அசையவில்லை. கடைசியில் அவர் மோதகத்தில் பாதியைப் பிய்த்துப் போட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் மீதிப் பாதியையும் போட்டார்.

பின்னேரம் ஆள் வரவில்லை. சுமித்திரா இருட்டும்வரை படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்கு வெளிக்கிட்டபோது அவளுடைய செருப்புச் சோடியில் ஒன்றைக் காணோம், வீமனையும் காணோம். வீரகத்தி ஆளனுப்பிப் பிடித்துவிட்டார் என்றே நினைத்தாள். ஒற்றைச் செருப்போடு ஓடினாள்.

வீரகத்தியின் முற்றத்தில், கதிரையிலிருந்து குனிந்தபடி அவர் ஒரு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். காலடியில் அவளுடைய செருப்பு.

"இன்னொருக்கா, வீமன். குடு பாப்பம்," என்றவர், அவளைக் கண்டதும் துள்ளி எழும்பினார். "இவன் தானாய்த்தான் வந்தவன் ரீச்சர்."

"பளைக்கு எப்ப ஐயா?"

"உந்தக் கதையை விடுங்கோ," என்றார் வீரகத்தி. வாயெல்லாம் பல்.

"வீமன், குடு," என்று சுமித்திரா கையை நீட்டினாள். வீமன் அவளுடைய வெறுங்கையைப் பார்த்தான், ஐயாவின் வடையைப் பார்த்தான். செருப்பின்மேல் காலை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான்.

அன்று முன்பள்ளி வாசலில் சோடி சோடியாக இருந்த செருப்புகளுக்குப் பக்கத்தில் ரீச்சரின் செருப்பு ஒன்று மட்டும் தனியாக இருந்தது.