வாயசைப்பு

மேவிஸ் லோரிங்கின் முகத்தில் முதல் சுருக்கத்தை ஒரு பென்சில்தான் போட்டது. கண்ணோரத்தில் இரண்டு, வாயோரத்தில் ஒன்று. ஒப்பனை அறைக் கண்ணாடிக்கு முன்னால் அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஹெப்ஸி பென்சிலை நாக்கு நுனியில் நனைத்து நனைத்து வரைந்துகொண்டிருந்தாள். 1914 போருக்கு முன்பிருந்தே மேவிஸுக்கு உடை மாட்டிவிடுகிறவள் ஹெப்ஸி. வாயை அடக்கத் தெரியாதவள்.

"இதென்ன கூத்தும்மா. முதல்ல இருக்கற கோட்டை மாவு பூசி மறைக்கச் சொல்றாரு டைரக்டரு. அப்பறம் அதே இடத்துல கோடு போடச் சொல்றாரு. சும்மா விட்டிருந்தா அந்த நேரத்துக்கு நான் ஒரு வாய் டீ குடிச்சிருப்பேன்."

மேவிஸ் சிரிக்கவில்லை. படக் கம்பெனியைக் கேட்டால் அவளுக்கு வயது இருபத்திமூன்று. போர் தொடங்கியபோதும் இருபத்திமூன்றுதான், போர் முடிந்து ஐந்தாண்டு ஆன பிறகும் இருபத்திமூன்றுதான். தோளில் சுருள் சுருளாகப் புரளும் முடியோடு வேலி தாண்டிக் குதிக்கிற பண்ணைப் பெண், பாதிரியாரின் குறும்புக்கார மகள், வழி தவறிப்போன பள்ளிக்கூடப் பெண் என்றே அவள் நடித்துத் தீர்த்திருந்தாள். அவள் படம் போட்ட அஞ்சலட்டை விற்காத கடை இங்கிலாந்தில் கிடையாது. பிரான்சில் பதுங்குகுழிக்குள் கிடந்த பையன்கள் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் சமீபத்தில் அமெரிக்கப் படங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. அந்தப் படங்களில் வந்த பெண்களுக்கு உண்மையாகவே பதினெட்டு வயது.

"இந்தப் படத்துல நீ அம்மாவா வா, மேவிஸ்" என்று கிரெஸ்வெல் சொன்னபோது, அவள் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். கம்பெனியின் முதலாளியும் இயக்குநரும் அவர்தான். அவளை முதன்முதலில் கேமராவுக்கு முன் நிறுத்தியவரும் அவரே. அவள் எதிர்பார்க்காதது அடுத்து அவர் சொன்னது. "பொண்ணா நடிக்கறதுக்கு வெளியில யாரையும் தேட வேண்டாம். உன் தங்கச்சி இருக்காளே. அதே கண்ணு, அதே மோவாய். ஜனங்க சொக்கிப் போயிடுவாங்க."

ஆலிவ் அவளுடைய தங்கை அல்ல.

பதினேழு வயதில், பிரைட்டன் கடற்கரை நாடகக் கொட்டகையில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடிக்கொண்டிருந்தபோது, ஊர் ஊராகப் போகும் குழு ஒன்றின் பியானோக்காரனை மேவிஸ் நம்பினாள். அவன் போன பிறகு, அவளுடைய அம்மா ஒரு காரியம் செய்தாள். பாவாடைக்குள் தலையணையைக் கட்டிக்கொண்டு தெருவில் நடமாடினாள். பிறகு மகளோடு உறவினர் ஊருக்குப் போய், கையில் குழந்தையோடு திரும்பி வந்தாள். கடைசிக் காலத்தில் கடவுள் கொடுத்த குழந்தை என்றாள். அக்கம்பக்கத்தார் நம்பினார்களோ, நம்பினதுபோல் இருந்தார்களோ, யாரும் எதுவும் கேட்கவில்லை. மேவிஸ் புகழ் பெற்ற பிறகு அந்தப் பொய்க்குக் காவலாகக் கிரெஸ்வெலும் சேர்ந்துகொண்டார். அவரிடம் மட்டும் அவள் உண்மையைச் சொல்லியிருந்தாள். "இந்த ரூமைத் தாண்டி இது வெளிய போனா உன் கதையும் முடிஞ்சுது, என் கதையும் முடிஞ்சுது" என்றார் அவர். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

போன குளிர்காலத்தில் அம்மா நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனாள். ஆலிவ் ஒரே ஒரு பெட்டியோடு மேவிஸின் வீட்டுக்கு வந்தாள். பதினைந்து வயது. மேவிஸை விட ஒரு விரற்கடை உயரம். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து "அக்கா, அந்த ஜாமை இப்படித் தள்ளேன்" என்பாள். மேவிஸ் தள்ளுவாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். ஜாம் பாட்டிலின் மூடியை இறுக்கி வைத்துவிட்டு எழுந்து போவாள்.

அன்று எடுக்க வேண்டியது பிரிவுக் காட்சி. மீனவனின் விதவை, தன் ஒரே மகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றி அனுப்புகிறாள். குடிசை வாசலில் இருவரும் நிற்க வேண்டும். பேசாப் படம்தான்; அம்மா வாயசைத்து ஏதோ சொல்ல, மகள் உடைந்து அழ வேண்டும். தேம்ஸ் கரையில் இருந்த ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரை வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூலையில் வயலின்காரர் சோகமாக எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். நடிகர்களுக்கு அழுகை வரவேண்டுமே, அதற்காகத்தான்.

ஆலிவுக்கு அழுகை வரவில்லை. மரக்கட்டைபோல் நின்றாள். கண்ணைக் கசக்கினாள். ஒரு தடவை சிரித்தே விட்டாள். படச்சுருள் வீணாகிக்கொண்டிருந்தது, மேகம் வேறு திரண்டு வந்தது. கிரெஸ்வெல் கத்திக் கட்டளையிடும் கூம்புக் குழாயைக் கீழே வைத்துவிட்டு மேவிஸிடம் வந்தார்.

"இவளை வச்சு என்னால முடியல. வெளிச்சம் போகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை. நீ ஏதாவது பண்ணு. எப்படிப் பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

கேமராவின் கைப்பிடி சுழலத் தொடங்கியது. வயலின் இழுத்தது. மேவிஸ் ஆலிவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் சில்லென்று இருந்தன. ஏதோ ஒரு பொய்க் கதை சொல்லி அழவைக்கத்தான் வாயைத் திறந்தாள். செத்துப்போன நாய்க்குட்டி, அம்மாவின் கடைசி மூச்சு, இப்படி ஏதாவது. வேறு யார் காதுக்கும் எட்டாத குரலில் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆலிவ், கேமராவைப் பாக்காத. என்னையப் பாரு. நான் உனக்கு அக்கா இல்லடீ. உன்னைப் பெத்தவ நான்தான். நான்தான் உன் அம்மா."

ஆலிவின் முகத்தில் முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு, குளத்தில் பனிக்கட்டி விரிசல் விடுவதுபோல், நெற்றியில் ஆரம்பித்து வாய் வரைக்கும் எல்லாம் மெல்லக் கலைந்தது. அவள் கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தாள். மேவிஸ் விடவில்லை.

"அப்படியே! அப்படியே! விடாத, மேவிஸ், பேசிக்கிட்டே இரு!" கிரெஸ்வெல் கத்தினார்.

"எனக்கு அப்ப பதினேழு வயசு. வேற வழி தெரியல. உன்னை ஒரு நாள்கூட நான் மறக்கல." பேசிக்கொண்டிருக்கும்போதே மேவிஸ் ஒன்று செய்தாள். மோவாயை இடதுபக்கம் கொஞ்சம் திருப்பினாள். கன்னத்தில் வெளிச்சம் விழுவதற்காக. அவள் யோசித்துச் செய்ததல்ல, இத்தனை வருடப் பழக்கம். ஆனால் செய்தது அவளுக்குத் தெரிந்தது. ஆலிவுக்கும் தெரிந்தது.

"போதும்! நிறுத்து!" கிரெஸ்வெல் ஓடி வந்து மேவிஸின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "இந்த நாட்டுல இப்படி ஒரு ஷாட்டை எவனும் எடுத்ததில்ல. அப்படி என்னதான் சொன்னே அவகிட்ட?"

"சும்மா ஒரு கதை" என்றாள் மேவிஸ்.

ஆலிவ் அங்கே இல்லை. ஆற்றங்கரைப் படகுத்துறையில், மீனவப் பெண்ணின் கிழிசல் உடையோடு நின்றிருந்தாள். மேவிஸ் பக்கத்தில் போனதும் திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப செத்துப்போனது யாரு?"

"உன் பாட்டி."

"சவப்பெட்டியை இறக்கும்போது நான் அம்மா அம்மான்னு கத்தினேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தே."

"உன் அழுகைக்குக் குறுக்க நிக்க எனக்கு மனசு வரல."

"இன்னிக்கு வந்துச்சா?" ஆலிவ் இப்போது திரும்பினாள். கண்மை கன்னத்தில் வழிந்து கிடந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ எனக்காகச் சொன்னியா, படத்துக்காகச் சொன்னியா?"

மேவிஸ் வாயைத் திறந்தாள். உனக்காகத்தான் என்பது எத்தனை சின்ன பதில். அது வரவில்லை. மேகத்துக்கு இடையில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தூரத்தில் கிரெஸ்வெல் கையைத் தட்டிக் கூப்பிட்டார், இன்னும் ஒரு ஷாட் எடுத்துவிடலாமாம். இருவரில் முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தவள் ஆலிவ்தான்.

அதற்குப் பிறகு எப்போது அழச் சொன்னாலும் அவள் அழுதாள். வயலின்கூட வேண்டியிருக்கவில்லை. வீட்டில் அவள் மேவிஸை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்கா போய்விட்டது, அம்மா வரவில்லை. "உப்பு வேணும்." "கதவு திறந்திருக்கு." "நாளைக்கு மழையாம்." காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல் சொல்வாள். பத்திரிகைக்காரர்கள் வந்தால் மட்டும் மேவிஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "என் அக்கா மாதிரி வருமா!" என்று பல் தெரியச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை மேவிஸால்தான் தாங்க முடியாது. எங்கே கற்றுக்கொண்டாள் அதை என்று யோசித்துப் பார்ப்பாள். தன்னிடமிருந்துதான்.

படம் ஓடியது. லண்டனில் ஜனங்கள் கைக்குட்டையைப் பிழிந்தார்கள். பிரிவுக் காட்சியில், "போய் வா கண்ணே, கடல் உன்னைக் காக்கட்டும்" என்று, பேச்சுக்குப் பதிலாகத் திரையில் எழுத்து அட்டை போட்டிருந்தார் கிரெஸ்வெல். லோரிங் சகோதரிகளை ஊர் ஊராகக் கூட்டிப்போய் மேடையேற்றினார்கள். வசந்த காலத்தில் வடக்கே பர்ன்லிக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கே பார்த்தாலும் பஞ்சாலைப் புகைபோக்கி. சனிக்கிழமை பிற்பகலில் ஆலை விட்டதும், தலையில் சால்வையும் காலில் மரச்செருப்புமாகப் பெண்கள் தடதடவென்று வந்து தியேட்டரை நிரப்பினார்கள்.

விளக்கு அணைந்து படம் தொடங்கிய பிறகு, பக்கவாட்டுத் தனி இருக்கையில் அவர்களோடு உட்கார்ந்திருந்த தியேட்டர் மேலாளர் குனிந்து பெருமையாகச் சொன்னார். "எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு எழுத்து அட்டையே தேவையில்லைங்க. நாள் முச்சூடும் தறிச் சத்தம். காது ஒண்ணும் கேக்காது. வாய் அசையறத வச்சே ஊர்வம்பு பூராப் பேசிருவாங்க. போன மாசம் ஒரு காதல் படம். கதாநாயகன் கதாநாயகி காலைப் பிடிச்சுக்கிட்டு, 'உன் வாயில வெங்காய நாத்தம் குடலைப் புடுங்குதுடீ'ன்னு சொல்றான். தியேட்டரே உருண்டு உருண்டு சிரிச்சுது. மத்த ஊர்ல எல்லாம் அழுதாங்களாம்!"

மேவிஸ் சட்டென்று நிமிர்ந்தாள். திரையில் மீனவனின் விதவை வலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு ரீல். அவள் எழுந்தாள். படம் ஓட்டுகிறவனிடம் ஏதாவது சொல்லி, சுருள் அறுந்துவிட்டது என்று சொல்லச் சொல்லி... அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"உக்காரு" என்றாள் ஆலிவ்.

"உனக்குப் புரியல. இந்த ஜனங்க..."

"அவர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. ஓடட்டும்."

"எல்லாம் போயிடும், ஆலிவ். உனக்கும் சேர்த்துத்தான்."

ஆலிவ் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிடியையும் விடவில்லை. மேவிஸ் உட்கார்ந்தாள்.

குடிசை வாசல் வந்தது. வெள்ளை வெளேரென்று இரண்டு முகங்கள், ஒவ்வொன்றும் வீட்டுக் கதவளவு. மேவிஸின் உதடுகள் அசைந்தன. கீழே, இருட்டில், யாரோ ஒருத்தி மூச்சை இழுத்தது கேட்டது. பிறகு இன்னொருத்தி. பட்டாணி கொறிக்கும் சத்தம் வரிசை வரிசையாக நின்றது. பியானோ வாசிப்பவன் ஒன்றும் தெரியாமல் கடல் அலையை வாசித்துக்கொண்டே இருந்தான். "போய் வா கண்ணே" என்று அட்டை வந்தபோது அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சால்வை போட்ட தலைகள் திரையை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பக்கவாட்டு இருக்கையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும், மேலாளர் மேடையில் ஏறிக் கையை விரித்தார். "இதோ உங்க முன்னால, லோரிங் சகோதரிகள்!" யாரும் கை தட்டவில்லை. மேலாளர் தாம் மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மேவிஸ் மேடையின் நடுவில் நின்றாள். இத்தனை வருடமாகக் கூட்டத்தைப் பார்த்ததும் தானாக மலரும் சிரிப்பு இன்றைக்கு எங்கேயோ சிக்கிக்கொண்டது. ஆலிவ் ஓரடி முன்னால் நின்றாள். இரண்டாம் வரிசையில் முன்பல் இல்லாத ஒரு நடுவயதுக்காரி எழுந்து நின்றாள். விரலை மேவிஸிடம் நீட்டினாள், பிறகு ஆலிவிடம். பிறகு வாயை அகல அகலத் திறந்து, சத்தமே இல்லாமல், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள்போல் மெல்ல எதையோ கேட்டாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று மேவிஸுக்குத் தெரியவில்லை. கேமராவுக்கு முன்னால் ஆயுள் முழுக்க வாயசைத்தவளுக்கு இன்னொருத்தியின் வாயைப் படிக்கத் தெரியவில்லை.

ஆலிவ் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பதில் சொன்னாள். அவளும் சத்தமில்லாமல்தான். பின்னால் நின்ற மேவிஸுக்குக் காதோரச் சுருள்முடியும், அசையும் தாடையும் மட்டும் தெரிந்தன. ஒரு சொல்லாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம்.

முதல் வரிசைப் பெண்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். இருக்கையில் திரும்பி, பின்வரிசைக்கு வாயசைத்தார்கள். அந்த வரிசை அடுத்த வரிசைக்குத் திரும்பியது. சால்வைகள் ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பி, அந்தச் சொல் கூடத்தின் நடுவைக் கடந்து, தூண்களைக் கடந்து, மாடி இருக்கைகளின் கைப்பிடியோரம் குனிந்து பார்த்த முகங்கள் வரைக்கும், ஒரு சத்தமும் இல்லாமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.