டாக்டர் போனில் வாண்டுவின் கட்டைவிரல்

பல் டாக்டரின் பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடிப்பதுதான் வாண்டுவின் வேலை. வயது முப்பதை நெருங்கினாலும், வளர்த்த அத்தை வைத்த செல்லப்பெயர் கிளினிக் வரை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சீழ், சொத்தை, கரைந்த வேர், முந்தின நாள் சாப்பாடு என்று ஊரார் வாய்க்குள் கிடப்பதையெல்லாம் பார்த்துவிட்டு, மதியம் டப்பாவைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறவள் அவள். வாய் என்றால் அப்படித்தான் இருக்கும், அதற்கு யார் என்ன செய்ய?

அவளுக்குக் குமட்டியது டாக்டரின் போனைப் பார்த்துத்தான்.

டாக்டருக்குப் பாதுகாப்பு விஷயத்தில் பயம் அதிகம். அரை நிமிஷம் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தார். எண்ணை அழுத்தித் திறந்தால் யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களாம், அதனால் கைரேகை. காலம் கெட்டுக் கிடக்கிறது, போனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நோயாளிகளுக்குக்கூடப் புத்தி சொல்வார், அவர்கள் வாயில் பஞ்சு இருக்கிற நேரமாகப் பார்த்து. ஊருக்குத்தானே உபதேசம். கையுறை போட்ட விரலைப் போன் மதிக்காது. எக்ஸ்ரே எடுக்கிற இடத்திலிருந்து படங்கள் போனுக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்றி மாட்ட அவருக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் வாண்டுவின் இடது கட்டைவிரலைப் பிடித்து, போனில் திரும்பத் திரும்ப அழுத்திப் பதிந்துகொண்டார். அதோடு விட்டாரா? இனி உன் இடது கைக்குக் கையுறை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஊரார் எச்சிலும் ரத்தமும் அவள் வெறுங்கையில் தெறித்தன. ஈர விரலையும் போன் ஏற்காது என்பதால் அங்கியில் துடைத்துத் துடைத்து அழுத்துவாள். வேலை முடிந்ததும் கருமம் கருமம் என்று சோப்பைப் போட்டுத் தோல் உரியத் தேய்ப்பாள்.

அத்தையை அங்கே கூட்டி வந்தவளும் அவள்தான். அத்தைக்கு ஈறெல்லாம் புரையோடி, இருந்த பல் அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தது. ஊசி என்றாலே நழுவி ஓடுகிறவளை, எங்கள் டாக்டர் தங்கமான மனுஷர் என்று சொல்லிக் கெஞ்சி அழைத்து வந்தாள். எல்லாப் பல்லையும் பிடுங்கியாயிற்று. ஈறு ஆறியதும் அளவெடுத்தார்கள். பல்செட் வர வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான், வேறு யாருக்கோ வேர் சிகிச்சை நடக்கும்போது, எக்ஸ்ரே வந்ததா என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். வாண்டு விரலை வைத்தாள். திறந்தது அவருடைய கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குரூப். அதில் அத்தை. மரத்துப்போன உதடு ஒரு பக்கம் தொங்க, வாயோரம் ரத்தமும் கோழையும் வடிய, கண் பாதி செருகிக் கிடந்தாள். கீழே டாக்டர் எழுதியிருந்தார்: "இந்தக் குகைக்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டுப் போனேன், வௌவால் பறந்துச்சு." அதற்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள், வரிசை வரிசையாக. இரண்டு தள்ளு மேலே தள்ளினாள். தபால்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, இன்னும் யார் யாரோ வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்கள். சிகிச்சைப் பதிவுக்கு என்று சொல்லி அவர் எடுத்த படங்கள். எல்லார் வாயோரமும் குழாயைப் பிடித்திருந்தது இவள் கைதான்.

எக்ஸ்ரே இன்னும் வரவில்லை என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்றே கேட்டிருக்கலாம். வேலை போனால் போகட்டும். ஆனால் அத்தை பொக்கை வாயோடு, கரைத்ததையே குடித்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். இங்கே சண்டை போட்டால் பல்செட் வராது, இன்னொரு டாக்டரிடம் வா என்றால் அத்தை ஜென்மத்துக்கும் வர மாட்டாள். பல் வரட்டும் என்று வாண்டு பேசாமல் இருந்தாள். அத்தனை நாளும் அதே விரலால் அதே போனைத் திறந்து கொடுத்தாள். அவர் மேல் வந்த அருவருப்பில் பாதி அவள் மேலேயே திரும்பியது.

பல்செட் மாட்டிய அன்று அத்தை கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே உட்காருங்கள், வருகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு, வாண்டு கதவைச் சாத்தினாள்.

"எங்க அத்தை படத்தை எதுக்கு டாக்டர் குரூப்ல போட்டீங்க?"

அவர் திகைப்பார், மழுப்புவார், மன்னிப்புக்கூடக் கேட்பார் என்று என்னென்னவோ நினைத்திருந்தாள். அவரோ நிதானமாகக் கையுறையைக் கழற்றினார். போனை எடுத்து, செட்டிங்ஸுக்குள் போய், அவள் கைரேகையை அழித்தார்.

"என் தப்புதாம்மா. அடுத்தவங்க விரலைப் போட்டிருக்கவே கூடாது. வசதியைப் பாத்தேன் பாரு, அதான் வினை."

படத்தை அழித்தாரா? அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை. பூட்டைச் சரிசெய்தாயிற்று, விவகாரம் முடிந்தது என்ற திருப்தி முகத்தில் வழிந்தது. நாளையிலிருந்து இடது கைக்கும் கையுறை போட்டுக்கொள் என்று பெரிய மனசு வேறு பண்ணினார். அந்த முகத்திலேயே வாந்தி எடுக்க வேண்டும் போலிருந்தது வாண்டுவுக்கு. அங்கியைக் கழற்றி நாற்காலி மேல் எறிந்துவிட்டு வெளியே வந்தாள்.

அத்தையிடம் மறைக்க மனம் வரவில்லை. காதோரம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். அதில் என் கண் தெரிகிறதா என்று மட்டும் அத்தை கேட்டாள். தெரிகிறது என்றாள் வாண்டு. அத்தை கைப்பையின் பிடியை முறுக்கினாள். அழப்போகிறாள் என்று வாண்டு பயந்தாள். அத்தை எழுந்து, காத்திருந்தவர்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள். புதுப் பல் சரியாகப் படியாமல் பேச்சுக்கு நடுவே காற்று விசிலடித்தது.

"உள்ள போறவங்க போங்க. நல்லாத்தான் பல் புடுங்குறான். ஆனா படம் எடுக்கக் கூடாதுன்னு ஊசி போடறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. வாய் மரத்துப் போச்சுன்னா சொல்ல முடியாது. கூட்டாளிங்களுக்கெல்லாம் காட்டிச் சிரிக்கிறான்."

பத்திரிகை புரட்டிய கைகள் நின்றன. ஒரு அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரோரம் ஒரு பெரியவர் மட்டும் அசையவில்லை. ஊசி போட்டு, மரப்பு ஏறட்டும் என்று உட்கார வைத்திருந்தார்கள். போன மாதமும் வந்து போனவர். தாடையைக் கையில் தாங்கியபடி வாண்டுவைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார். உதடு கோணிக்கொண்டு எச்சில்தான் வழிந்தது.

"ஆமாங்க. உங்களோடதும் இருக்கு" என்றாள் வாண்டு.