பதினேழாம் நம்பர் மருந்தும் கழுவிக் கொட்டிய சாட்சியும்

ஆய்வுக்கூடத்தில் அவளைச் 'சுத்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையைத் துடைப்பாள், துடைத்த துணியை அலசுவாள், அலசின கையை மறுபடி கழுவுவாள். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நுண்ணோக்கி அறைக்குள் வந்து நின்றாள்.

உள்ளே அவள் சிநேகிதி. செல்களைப் படம் பிடிப்பது வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் 'படக்காரி'. அவளுக்கு வாய் மட்டும் சும்மா இருக்காது.

"என்னடி, யாரு செத்தா?"

"யாருமே சாகலடி! அதான் பிரச்சினையே."

விஷயம் இதுதான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும், கெட்டுப்போனால் தானே செத்துப்போவதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. புற்றுநோய்ச் செல் அதை அமுக்கி வைத்துவிட்டு ஜாலியாகப் பெருகிக்கொண்டே இருக்கும். பதினேழாம் நம்பர் மருந்து அந்த ஏற்பாட்டைத் தட்டி எழுப்பும் என்று நம்பி, தட்டில் வளர்த்த புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களோடு ரெண்டு வருஷமாக மல்லுக்கட்டுகிறாள் சுத்தம். கணக்கெடுத்தால் செத்தது நூற்றுக்கு ரெண்டுதான். சாயங்காலம் நாலு மணிக்குள் வேறு சங்கதி இல்லையென்றால் மருந்தை மூட்டை கட்டிவிடலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார்.

படக்காரி பழைய படங்களைத் திரையில் போட்டாள்.

"மருந்து போடாத தட்டப் பாரு, கூட்டம் நெரியுது. மருந்து போட்டது கடைசி மணி அடிச்ச பள்ளிக்கூடம் மாதிரி கிடக்கு. செத்தது ரெண்டுன்னா மிச்ச ஆளெல்லாம் எங்கடி போனாங்க?"

"சரியா ஒட்டியிருக்காது."

"மருந்து போட்ட தட்டுல மட்டும் ஒட்டாம போகுமா? சரி, சாயம் போடுறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவ?"

"கழுவுவேன்."

"எத்தன தடவ?"

"மூணு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அழுக்கா தெரிஞ்சா நாலு."

சொல்லி முடிப்பதற்குள் சுத்தத்துக்குச் சுரீர் என்றது. சாகிற செல் சுருங்கும், மேலெல்லாம் கொப்புளமாகும், பிடி விட்டுத் தண்ணீரில் மிதக்கும். அவளே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்! அந்தத் தண்ணீரைத்தான் தினமும் அவள் கிருமிநாசினி பாட்டிலில் கொட்டியிருக்கிறாள்.

"அடிப்பாவி! கொலை நடந்த வீட்டக் கழுவித் தொடச்சிட்டு, பொணத்தக் காணோம்னு அழறியே!"

"சிரிக்காதடி. இப்ப தட்டுக்கு எங்க போவேன்?"

"காலையில படம் எடுக்கணும்னு ரெண்டு தட்ட உன்கிட்டேருந்து பிடுங்கிட்டு வந்தேன்ல? இன்னும் உன் கை படல. எடு சீக்கிரம்!"

ஒன்று மருந்து போட்டது, ஒன்று போடாதது. மிதந்ததையும் ஒட்டியிருந்ததையும் ஒரு சொட்டு விடாமல் சோதனைக் குழாயில் சேர்த்து, செல்லெல்லாம் அடியில் படியும்படி எந்திரத்தில் சுழல விட்டார்கள். தட்டு காலியானதும் சுத்தத்தின் கை பழக்கதோஷத்தில் குழாய்த் தொட்டிப் பக்கம் போனது. படக்காரி பட்டென்று ஒன்று வைத்தாள்.

பிறகு சாயம். தானே சாகிற செல் மேல் பச்சை ஒட்டும். இருட்டறையில் நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டதும் ரெண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். ஒரே பச்சை! மருந்து போடாததில் நூற்றுக்கு நாலு, போட்டதில் அறுபத்தொன்று. நம்பாமல் மூன்று தடவை எண்ணினாள் சுத்தம்.

நாலு மணிக்குத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இத்தன நாளா இது எங்கம்மா இருந்துச்சு?"

"கழுவிக் கொட்டிட்டு இருந்தேன் சார்."

 அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, மருந்து இருக்கட்டும். இன்னும் மூணு தடவ இதே மாதிரி செஞ்சு காட்டு. தட்டுல சாகுறதுக்கும் உடம்புல சாகுறதுக்கும் ரொம்ப தூரம் இருக்கு, இப்பவே குதிக்காத."

குதிக்காமல் எப்படி இருப்பது? வெளியே வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, மருந்து பொழச்சிடுச்சு! இன்னைக்கிப் பாத்திரமெல்லாம் நீங்களே கழுவிடுங்க."

"ஏன், உனக்கு என்னாச்சு?"

"நான் இனிமே எதையும் கழுவக் கூடாதுன்னு ஆபீஸ்ல உத்தரவு."

பக்கத்தில் நின்ற படக்காரி, "நாலு தடவ கழுவச் சொல்லுடி!" என்று கத்தினாள்.