மந்தைவெளியில் யாருக்கும் சளி இல்லை

சம்மு தும்மிக்கொண்டே மாடிப்படி இறங்கி வந்தபோது சாருலதா கதவைப் பாதி சாத்தியபடிதான் கேட்டாள்.

"சளியாடி?"

"சீ, அலர்ஜி" என்றாள் பின்னால் வந்த அவள் அம்மா வர்ஷினி. "ஏசி தூசு. தம்பிப் பாப்பாவப் பாக்கணும்னு காலம்பறலேர்ந்து பிடுங்கி எடுக்கறா."

சாருலதா கதவைத் திறந்தாள். மாடி வீட்டு வர்ஷினிக்குத் திறக்காமல் வேறு யாருக்குத் திறப்பது? வலி எடுத்த அன்று ஆட்டோ பிடித்து, ஓட்டுநரை அதட்டி, ஆஸ்பத்திரிவரை கையைப் பிடித்துக்கொண்டே வந்தவள் அவள். சாருலதாவின் கணவன் பரத்வாஜ் அப்போது கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். சாவி கிடைத்தபோது அச்யுத் பிறந்திருந்தான்.

சம்மு மூன்று மாதக் குழந்தையைக் கன்னம் மாற்றிக் கன்னம் முத்தமிட்டாள். சம்முவின் மூக்கில் வழிந்ததை வர்ஷினி துப்பட்டாவால் துடைத்தாள்.

மந்தைவெளியின் அந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்கும் சளி கிடையாது. சளியுள்ள பிள்ளைகள் வாசலோடு திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று முனையிலிருந்த பிளே ஸ்கூல் பலகை மாட்டிய நாளோடு அந்த வியாதி ஒழிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒழுகிய மூக்கெல்லாம் அலர்ஜி. அலர்ஜி ஒட்டாது, அம்மாக்களின் லீவையும் தின்னாது.

அச்யுத்துக்கு முதலில் மூக்குதான் அடைத்தது. அதுவும் அலர்ஜிதான் என்று பரத்வாஜ் ஆபீசில் விசாரித்து வந்து சொன்னான். பிறகு குழந்தை பாலை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"நுரையீரல்ல குட்டிக் குழாயெல்லாம் வீங்கியிருக்கு" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர் கருணாகரன், ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தபடி. "பெரிய பசங்களுக்கு இதே வைரஸ் வெறும் ஜலதோஷமாப் போயிடும். இவனுக்குக் குழாயே நூல் மாதிரிதான். பக்கத்துல யாருக்காவது சளி, ஜுரம்?"

"மாடில ஒரு பொண்ணு. அவளுக்கு அலர்ஜி, டாக்டர்."

"அலர்ஜின்னா ஜுரம் வராதும்மா. ஜுரம் இருந்துதா?"

"இல்ல" என்றாள் சாருலதா. யாரையும் கேட்கவில்லை. தோழிக்காக அவளே சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வர்ஷினி சிவந்த கண்களோடு, பிளாஸ்கில் ரசம் சாதம் கரைத்து எடுத்து வந்தாள். பின்னாலேயே சம்மு. சாருலதா பிளாஸ்கை வாங்கிக்கொண்ட நேரத்தில் கருணாகரன் தாழ்வாரத்தில் வந்தார்.

"அடடே, சம்மு! ஜுரம் விட்டுதா? மருந்தத் துப்பாம குடிச்சியா?" அதே உற்சாகத்தில் வர்ஷினி பக்கம் திரும்பினார். "கீழ்வீட்டுல கைக்குழந்தை இருக்குன்னீங்களே, அங்க விடலையே?"

வர்ஷினி சம்முவைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் சாருலதாவைப் பார்த்தார், வார்டுக் கண்ணாடிக்கு அப்பால் குழந்தையைப் பார்த்தார், பிறகு போக வேண்டிய இடம் ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் போய்விட்டார்.

"ஸ்கூல்ல சொல்லிச் சொல்லி வாய்ல அதுவே வந்துடுத்துடி" என்றாள் வர்ஷினி. "எனக்கு லீவே இல்ல…"

"என்னண்ட ஏன்டி சொன்ன? நான் ஸ்கூலா?"

சம்மு இருமினாள். அந்தப் பக்கம் வந்த நர்ஸ் ஷீலா குனிந்தாள். "இன்னா பாப்பா, இப்டி இருமிக்கினு கீற? சளியா?"

சம்மு நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"அலர்ஜி" என்றாள், ரைம்ஸ் சொல்லும் குரலில், பிசிறில்லாமல்.

சாருலதா கண்ணாடியோடு நெற்றியை வைத்துக்கொண்டாள். உள்ளே அச்யுத்தின் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, நிறைந்தது, மறுபடி விழுந்தது. திறக்காத பிளாஸ்க் இன்னும் அவள் கையில் இருந்தது.